பல கை எழுதிய ஏடு: ஓலைச்சுவடி முதல் விக்கி வரை

தமிழ் இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் புலவர்களைப் பற்றி எழுதுவர், உரையாசிரியர்களைப் பற்றி எழுதுவர், புரவலர்களையும் மறவார். ஆனால் அப்புலவர் பாடிய பாட்டு நம் கைக்கு வந்து சேர்ந்த வழியில் நின்று பணி செய்த படியெடுப்போர், சுவடி காத்தோர், பட்டியல் தொகுத்தோர், நூலகர் ஆகியோரை முன்னுரையில் ஒரு நன்றி வரியோடு நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு நூல் எழுதப்படுவது ஒரு முறை. அது காக்கப்படுவதோ ஒவ்வொரு தலைமுறையிலும். அப்பணியைச் செய்தோர் எவ்வாறு ஒருவரோடொருவர் கூடி உழைத்தனர், தாம் அறிந்ததை எவ்வாறு பகிர்ந்துகொண்டனர் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை படித்தும் விவாதித்தும் வரும் நம் இலக்கிய வட்டத்தினருக்கு இது தொடர்பற்ற செய்தியன்று என்பதை முடிவில் காணலாம்.

ஓலைக் காலம்

அச்சு வருவதற்கு முன் தமிழ்நூல் ஒன்று வாழ்ந்ததற்குக் காரணம் அது மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டதே. ஓலையின் ஆயுள் அளவுபட்டது. கறையானும் ஈரமும் தின்றது போக எஞ்சியதைப் புதிய ஓலையில் எழுதி வைத்தவர் உள்ளவரை நூல் இருந்தது. அவர் ஓய்ந்தால் நூலும் ஓய்ந்தது. படியெடுப்போர் பிழையும் செய்தனர். சில இடங்களில் தமக்குத் தோன்றியதைச் சேர்த்தும் எழுதினர். ஆயினும் ஒரே நூலுக்குப் பல ஊர்களில் பல படிகள் இருந்தமையால் ஒன்றன் பிழையை மற்றொன்றால் அறிய முடிந்தது. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையாண்ட முறை இதுவே. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த சுவடிகளை ஒப்பிட்டுப் பாடத்தைத் தெளிந்தார். தாம் ஏற்ற பாடத்தை மேலே தந்து, வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டும் நெறி அவர் பதிப்புகளால் தமிழில் வேரூன்றியது. ஏற்காத பாடத்தையும் அழிக்காமல் விட்டுவைத்த அந்நேர்மை, பின்வரும் ஆய்வாளர் தம் முடிவைத் தாமே எடுக்க வழிவிட்டது.

நாஞ்சில் நாட்டிலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம். அய்யாவழியினர் போற்றும் அகிலத்திரட்டு அம்மானை 1841ஆம் ஆண்டில் தாமரைகுளம் அரிகோபாலன் சீடரால் எழுதப்பெற்றதாக மரபு கூறுகிறது. அது முதன்முதலில் அச்சேறியது 1939ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அந்நூல் வாழ்ந்தது பக்தர்கள் எழுதி வைத்த ஏட்டுப் படிகளிலும் அவர்தம் நாவிலுமே. பெருநிறுவனம் எதுவும் அதற்குத் துணை நின்றதில்லை. எளிய மக்கள் தம் கைகளால் காத்த நூல் அது. படிகளுக்கிடையே வேறுபாடுகள் இருப்பதும், அவற்றின்வழிப் பதிப்புகள் வேறுபடுவதும் பல கைகளில் தவழ்ந்ததன் அடையாளங்களே.

மற்றொரு சான்று, அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தினர் காத்துவந்த ஓலைகள். அரச ஆணைகள், நாட்டாரின் முடிவுகள், நில உரிமை, வரி, வழக்கு எனப் பல செய்திகளைக் கொண்ட இவ்வாவணங்கள் இலக்கியம் அல்ல. ஆனால் நாஞ்சில் நாட்டு மக்கள் வாழ்வின் நேர்ச்சான்றுகள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954) இவ்வோலைகளை ஆராய்ந்து அவற்றுள் ஒரு பகுதியைக் கேரள சொசைட்டி பேப்பர்ஸ் என்னும் ஆய்விதழ்வழி அறிஞர் உலகிற்கு அளித்தார். பிற்காலத்தில் முனைவர் அ.கா. பெருமாள் அவர்கள் இவ்வோலைகளைப் பற்றி விரிவாக எழுதினார். குழந்தைப் பாடல்களின் கவிஞராகவே பலரும் அறிந்த கவிமணி, ஓலைகளையும் கல்வெட்டுகளையும் படித்தறிந்த ஆய்வாளரும் ஆவார் என்பதை இளங்கவிஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுப் பெட்டியில் கிடந்த ஓலையை அச்சுக்குக் கொணர்ந்ததன் பயன், அந்த வீட்டைக் காணாதவரும் அதனைப் படிக்க முடிந்ததே.

அச்சுக் காலம்

அச்சு வந்ததும் நூல்கள் அனைத்தும் காப்பாற்றப்பட்டுவிட்டன என்று எண்ணுதல் பிழை. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூலாகக் கருதப்படும் தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. நம் மாவட்டத்திலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பிவிடக்கூடிய ஊர் அது. ஆனால் இன்று அறியப்படும் அதன் ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அச்சிட்ட ஊரில் ஒன்றும் இல்லை. எத்தனை படி அச்சிட்டோம் என்பதைவிட அப்படிகள் எங்கெங்கே சென்று தங்கின, அவை இருப்பதை யார் பதிந்து வைத்தனர் என்பதே ஒரு நூலின் விதியை முடிவு செய்கிறது.

நாகர்கோவிலில் 1820ஆம் ஆண்டையொட்டிச் சார்லஸ் மீட் பாதிரியார் அச்சகம் நிறுவிய காலம் தொட்டு இம்மாவட்டத்தில் அச்சான துண்டறிக்கைகள், பள்ளிப் பாடநூல்கள், கும்மிகள், கீர்த்தனைகள் மிகப் பல. அவை அனைத்தையும் ஒருங்கே காட்டும் முழுமையான பட்டியல் ஒன்று நம் கையில் இல்லாதது பெருங்குறை.

அச்சுக் காலத்தில் தமிழறிவைத் தொகுக்கும் முயற்சி இரு வழிகளில் நடந்தது. முதலாவது, ஒரு மனிதரின் தவம். ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனியே உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின்வழி வெளிவந்தது. இரண்டாவது, பலர் கூடிச் செய்த பணி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் இணைப்புத் தொகுதியாகவும் வெளிவந்தது. திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராயிருந்த ச. வையாபுரிப்பிள்ளை 1926ஆம் ஆண்டில் அதன் பதிப்பாசிரியர் பொறுப்பேற்று, அதனை நிறைவு செய்தார். நாடு விடுதலை பெற்ற பின் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. பல துறை அறிஞர் அதில் எழுதினர். இந்தியமொழிகளில் அதனை ஒத்த பணிகளுக்கு அது முன்னோடியாயிற்று.

ஆனால் இம்மாபெரும் பணிகளுக்கெல்லாம் பொதுவான ஓர் எல்லை இருந்தது. அச்சேறிய நாளோடு அறிவு அங்கே உறைந்துவிடுகிறது. ஒரு பிழையைக் கண்ட வாசகர் பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதலாம். அடுத்த பதிப்பு வருமாயின் திருத்தப்படலாம். அடுத்த பதிப்பு வராத நூல்களே நம்மிடம் மிகுதி.

நூலக இயக்கம்

நூல்களை ஓரிடத்தில் திரட்டி யாவர்க்கும் தருவது என்னும் எண்ணம் இயக்கமாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான சீ.இரா. அரங்கநாதன் இத்துறைக்கே இலக்கணம் வகுத்தவர். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு அவர் காரணமாயிருந்தார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அவருடைய ஐந்தாம் விதி நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிராகக் கருதுகிறது. கட்டி முடித்துப் பூட்டிவைக்கும் பொருளாக நூலகத்தைக் கண்டவர்க்கு அக்காலத்தில் இது புதிய பார்வை.

நாஞ்சில் நாடு அந்நாளில் சென்னை மாநிலத்தைச் சேர்ந்ததன்று, திருவிதாங்கூரின் தென்பகுதி. அங்கும் ஓர் இயக்கம் எழுந்தது. பி.என். பணிக்கர் முயற்சியால் 1945 செப்டம்பர் 14ஆம் நாள் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களின் பேராளர்கள் கூடினர். அக்கூட்டமே திருவிதாங்கூர்க் கிரந்தசாலைச் சங்கமாக வளர்ந்தது. ஊர் இளைஞர் தாமே வாசகசாலை அமைத்து, தாமே பணம் திரட்டி, தாமே நூல் வழங்கும் முறை அதன் உயிர்நாடி. சென்னை மாநிலத்திலோ 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்வழி அரசு சார்ந்த நூலகத் துறை வளர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தாய்த் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டம், இவ்விரு மரபுகளுக்கும் வாரிசு எனலாம். மக்கள் தாமே நடத்தும் வாசகசாலையும் அரசு நடத்தும் நூலகமும் நமக்கு அயலானவை அல்ல.

நூலகங்கள் பெருகப் பெருக, ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே நூலை நூறு நூலகங்கள் வாங்கினால், நூறு நூலகரும் அதற்குத் தனித்தனியே பட்டியல் அட்டை எழுத வேண்டுமா? ஒருவர் எழுதியதைப் பிறர் பயன்படுத்தலாகாதா? அமெரிக்காவின் ஒகையோ மாநிலக் கல்லூரி நூலகங்கள் 1967ஆம் ஆண்டில் ஒன்றுகூடி இதற்கென ஓர் அமைப்பை உருவாக்கின. 1971 முதல் அங்கு ஒரு நூலகர் கணினியில் இடும் பதிவு மற்ற நூலகங்களுக்கும் பயன்பட்டது. இந்தியாவில் 1991இல் பல்கலைக்கழக மானியக் குழுவால் தொடங்கப்பட்ட இன்ப்ளிப்நெட், பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலை உருவாக்கியது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றும் சோத்கங்கா திட்டத்தையும் நடத்தி வருகிறது. ஓர் ஆய்வேட்டைக் காண அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே பயணம் போன நாள்களை அறிந்த ஆய்வாளர் இதன் அருமையை உணர்வர்.

எரிந்த நூலகம் கற்பித்தது

தமிழ் நூலக வரலாற்றில் 1981ஆம் ஆண்டை எவரும் கடந்து செல்ல இயலாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் க.மு. செல்லப்பா என்னும் தனிமனிதர் 1933ஆம் ஆண்டில் தம் இல்லத்தில் நூல்களை வைத்து இரவல் தந்ததில் தொடங்கியது. அது மக்கள் நன்கொடையால் வளர்ந்தது. புதிய கட்டடம் எழுந்தபோது அரங்கநாதன் அதற்கு ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்தார். 1959இல் அது திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையில் அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. அச்சு நூல்களோடு ஓலைச்சுவடிகளும் பழைய இதழ்களும் வேறெங்கும் இல்லாத படிகளும் சாம்பலாயின.

எதனை இழந்தோம் என்று வருந்துவதோடு, எது பிழைத்தது, ஏன் பிழைத்தது என்றும் வரலாற்று மாணவர் கேட்க வேண்டும். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய படி அத்தீயில் அழிந்ததாகப் பலரும் குறிப்பிடுகின்றனர். ஆனால் நூல் அழியவில்லை. 1879ஆம் ஆண்டிலேயே பிரிட்டோ அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். தமிழிலும் அச்சாகி வெவ்வேறு கைகளுக்குச் சென்றிருந்தது. படியெடுக்கப்பட்டது பிழைத்தது, ஒற்றைப் படியாய் நின்றது போயிற்று. இவ்வளவு கடுமையான விலை கொடுத்து வேறெந்தத் தமிழ்ச் சமூகமும் இப்பாடத்தைக் கற்றதில்லை.

அப்பாடத்தைக் கற்றவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் நூலகர் என். செல்வராஜா. புலம்பெயர்ந்து இங்கிலாந்தில் வாழ்ந்தபடி, ஈழத் தமிழர் நூல்களைத் தேடித் தேடிக் குறிப்புரையோடு பதிவு செய்யும் நூல்தேட்டம் என்னும் வரிசையின் முதல் தொகுதியை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்னும் அளவில் அது தொடர்ந்தது. நூல் கையில் இல்லாதபோதும் அப்படியொரு நூல் இருந்தது என்னும் செய்தியேனும் காக்கப்பட வேண்டும் என்பதே பட்டியல் தொகுப்போரின் அறம். பெயர் அறியப்படாத நூலைத் தேடுவோர் யாருமில்லை.

விக்கியின் வருகை

அமெரிக்கக் கணினி அறிஞர் வார்ட் கன்னிங்காம் 1995ஆம் ஆண்டில் ஒரு புதுமுறையை இணையத்தில் அமைத்தார். ஒரு பக்கத்தைப் படிப்பவரே அதனைத் திருத்தவும் செய்யலாம். விரைவு எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லால் அதற்கு விக்கி எனப் பெயரிட்டார். 2001 சனவரியில் அம்முறையில் விக்கிப்பீடியா தொடங்கியது. நூலகர்களும் இதன் பயனை விரைவில் உணர்ந்தனர். 2005ஆம் ஆண்டில் மெரிடித் பார்க்கஸ் என்னும் அமெரிக்க நூலகர், பல நூலகங்களில் வெற்றிகண்ட நடைமுறைகளை நூலகர்களே எழுதிச் சேர்க்கும் ஒரு விக்கியைத் தொடங்கினார். ஒரு நூலகத்தில் ஒருவர் பட்டறிந்தது மற்றோர் ஊர் நூலகருக்குக் கடிதமின்றி, மாநாடு இன்றிக் கிடைத்தது.

தமிழில் இப்பணிக்குக் களம் அமைத்தது மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய இத்திட்டத்தில், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத தன்னார்வலர் பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் இலவசமாக வழங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழாசிரியர் அல்லர். பொறியாளரும் மருத்துவரும் இல்லத்தரசியரும் தம் ஓய்வுநேரத்தில் சங்க நூல்களைத் தட்டச்சிட்டனர் என்பதைத் தமிழ்த்துறையினராகிய நாம் நன்றியோடு எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தோன்றியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், அவ்வாண்டின் இறுதியில் அதில் எழுதத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளால் அதனை வளர்த்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அவருக்கு வழங்கியது. இலக்கியத்துக்கு உரிய விருது ஒரு கலைக்களஞ்சியத் தொண்டருக்குச் சென்றது அதுவரை காணாத செய்தி. அதே அமைப்பு தமிழ்க் கணிமைக்கென நிறுவிய விருது, நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமியின் நினைவைத் தாங்கியது என்பதும் நமக்கு மகிழ்ச்சி தருவது. 2017ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தொட்டது.

நூலகப் பணிக்கே விக்கி முறையைக் கையாண்டதற்குத் தமிழில் தலைசிறந்த சான்று, 2005ஆம் ஆண்டில் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய நூலகத் திட்டம். மு. மயூரன், தி. கோபிநாத் முதலியோர் முன்னின்ற இம்முயற்சி, யாழ்ப்பாணத் தீயின் நினைவிலிருந்து பிறந்தது எனலாம். ஈழத்து நூல்கள், இதழ்கள், சிறப்பு மலர்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றைத் தனியார் வீடுகளிலிருந்து இரவல் பெற்று மின்வடிவாக்கி, விக்கி மென்பொருளில் அமைந்த பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தந்து பதிந்தனர். உள்நாட்டுப் போர் முடிவுறுவதற்கு முன்பே, அலுவலகமும் பெருநிதியும் இல்லாத நிலையில் அவர்கள் இதனைத் தொடங்கினர். இன்று பல்லாயிரம் ஆவணங்கள் அங்குள்ளன. பள்ளி ஆண்டு மலரும் கோயில் குடமுழுக்கு மலரும்கூட ஆவணமே என்று கொண்ட அவர்கள் பார்வை நாம் பின்பற்றத்தக்கது.

விக்கிமூலம் என்னும் மற்றொரு களம் கவிஞர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அச்சு நூலின் ஒவ்வொரு பக்கமும் படமாக ஒருபுறம் நிற்க, அதன் எழுத்து வடிவம் மறுபுறம் நிற்கும். எழுத்துணரிச் செயலி தரும் பாடத்தில் பிழைகள் மலிந்திருக்கும். ஒருவர் படத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்ததும் அப்பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். ஒருவரே இரு பணியையும் செய்ய விதி இடந்தராது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையோடு இக்களத்துக்கு வந்துள்ளன. ஏடு பார்த்து ஒருவர் வாசிக்க, மற்றவர் வேறு ஏட்டோடு ஒத்துப்பார்த்த பழைய பதிப்பு முறையே இங்கு இயங்குகிறது.

ஐயங்களும் விடைகளும்

எவரும் எழுதலாம் எனில் பிழை மலியாதா என்னும் வினா நம் வட்டத்தில் பலமுறை எழுந்ததுண்டு, நியாயமான வினாவே. பிழை மலியும். பற்று மிகுதியால் எழுதப்படும் பொய்யும் கலக்கும். தம் ஊரின் பழமையை ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளுவோரும், தமக்குப் பிடிக்காத புலவரை நீக்க முயல்வோரும் அங்கும் உளர். ஆனால் விக்கியில் ஒவ்வொரு திருத்தமும் யார், எந்நாள், எதனை மாற்றினார் என்னும் குறிப்போடு வரலாற்றுப் பகுதியில் தங்கிவிடுகிறது. நீக்கிய பாடத்தை மீட்கலாம். கருத்து வேறுபட்டோர் உரையாடல் பக்கத்தில் வாதிடலாம். சாமிநாதையர் அடிக்குறிப்பில் காத்த பாடவேறுபாட்டின் பெருகிய வடிவமே இது.

எனினும் இம்முறை போதாது என்று கருதுவோர் வேறு வழி கண்டனர். நாகர்கோவிலில் வாழும் எழுத்தாளர் ஜெயமோகன் முன்முயற்சியால் 2022 மே மாதத்தில் தமிழ் விக்கி என்னும் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பட்டது. தமிழ் இலக்கியமும் பண்பாடுமே அதன் முதன்மைப் பொருள்கள். அங்கு எவரும் நேரே திருத்த இயலாது. ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பின்னரே பதிவு நிலைபெறும். ஒன்று ஊர் கூடி இழுக்கும் தேர் என்றால், மற்றொன்று தேர்ந்த தச்சர் கூடிச் செய்யும் தேர். இரண்டிற்கும் இடையே வழக்காடுவதில் காலங்கழிப்பதைவிட, இரண்டிலும் நாஞ்சில் நாட்டுச் செய்திகள் சான்றோடு இடம்பெறச் செய்வதே அறிவுடைமை. சான்று காட்டாத கூற்று எங்கிருப்பினும் ஏற்கத்தக்கதன்று என்னும் ஒழுக்கத்தைத் தமிழாசிரியர் தம் மாணவர்க்கு ஊட்டினால் இருதிறப் பணியும் சிறக்கும்.

மற்றோர் ஐயம் இணையத்தின் நிலையாமை பற்றியது. யாகூ நிறுவனம் நடத்திய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, பலர் இலவசமாக எழுதி வைத்திருந்த பக்கங்கள் தளத்தோடு மறைந்தன. தனிமனிதர் எழுதும் வலைப்பதிவுகளின் நிலையும் இதுவே. எழுதியவர் மறைந்தாலோ, கட்டணம் கட்டத் தவறினாலோ எழுத்து காணாமற் போகும். ஓலைக்குக் கறையான் எப்படியோ, மின்பக்கத்துக்குக் கைவிடப்படுதல் அப்படி. ஆதலின் மின்வடிவம் அச்சு நூலுக்கு மாற்று ஆகாது, அதற்குத் துணை. ஓலையும் அச்சும் மின்னும் மூன்றும் இருப்பதே பாதுகாப்பு.

நம் கடன்

இவ்வரலாறு நம்மைச் சுட்டும் இடத்துக்கு இப்போது வருவோம். இம்மாவட்டக் கவிஞர்களின் தொகுதிகள் பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகின்றன. வெளியீட்டு விழாவில் சில, நண்பர்களுக்குச் சில, எஞ்சியவை கட்டிலின் அடியில். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை ஆசிரியர் மறைந்த ஆண்டின் இறுதியிலிருந்து அறுபது ஆண்டுகள் நீடிக்கிறது. 1954இல் மறைந்த கவிமணியின் படைப்புகள் அக்கணக்கின்படி 2015 சனவரி முதல் நாளிலிருந்து யாவர்க்கும் பொது. அவருக்குப் புகழ் இருந்தது, பதிப்பாளர் இருந்தனர், ஆதலால் அறுபது ஆண்டும் அவர் நூல்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. புகழ் பெறாத கவிஞரின் நிலை என்ன? உரிமை முடியுமுன் படிகள் முடிந்துவிடும். மறுபதிப்பிட விரும்புவோர் வழித்தோன்றல்களைத் தேடி அலைவர். அக்கவிஞர் இரண்டாம் முறையும் மறைவார். இது பிறர்க்கு நேர்வதன்று. இம்மலரில் எழுதும் நம்மில் பலர்க்கும் நேரக்கூடியது.

இதனைத் தடுக்க அரிய செயல் எதுவும் தேவையில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியீட்டாளர் தம் நூலைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் சட்டம் குறிக்கும் பிற நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். சிறு வெளியீட்டாளர் பலர் இதனை அறியார். நம் உறுப்பினரேனும் தவறாது அனுப்புவோம். 1994ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒவ்வொரு படி சேர்ப்போம். தம் கவிதைகளை யாவரும் பயன்படுத்தலாம் என்று கருதும் கவிஞர், அதனைத் தம் நூலின் உரிமைப் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடலாம். அவ்வொரு வரி, பின்னாளில் ஒரு நூலகரின் கையைக் கட்டவிழ்க்கும்.

அடுத்து, பட்டியல். இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் படிக்கப்பட்ட கட்டுரைகள், வெளியான தொகுதிகள், பேசியோர் பெயர்கள், கூட்ட நாள்கள் ஆகியவை அறிக்கைப் புத்தகத்தில் உள்ளன. அப்புத்தகம் ஒன்றே, அது ஒருவர் வீட்டில் உள்ளது. அதனைப் படியெடுத்து மூன்று இடங்களிலேனும் வைப்பதும், நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றுவதும் பதினோராம் ஆண்டின் முதற்பணியாக அமையட்டும். வில்லுப்பாட்டுப் புலவர் குடும்பங்களிலும் பழைய வீடுகளிலும் இருக்கும் ஏடுகளை உரிமையாளர் இசைவோடும் அவர் பெயரைக் குறிப்பிட்டும் படமெடுத்துக் காக்கும் பணியை ஆய்வு மாணவர் மேற்கொள்ளலாம். ஏட்டை வாங்கி வந்து திரும்பக் கொடாத வரலாறும் நம்மிடையே உண்டு. படமெடுத்து ஏட்டை வீட்டிலேயே விட்டுவருவது அக்கறையைப் போக்கும்.

மூன்றாவதாக, விக்கிமூலத்தில் மெய்ப்புக்குக் காத்திருக்கும் பக்கங்களை உறுப்பினர் கிழமைக்கு ஒரு பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். யாப்பறிந்த கவிஞர் மெய்ப்புப் பார்த்தால் சீர் பிரிப்பும் தளையும் சிதையா. செயலி பிரித்தறிய மாட்டாத ஒற்றும் சந்தியும் அவர் கண்ணுக்கு உடனே புலப்படும். முப்பது பேர் ஓராண்டு செய்தால் ஆயிரத்தைந்நூறு பக்கங்களுக்கு மேல் திருந்தும். நடுத்தர அளவில் ஏழெட்டுக் கவிதை நூல்கள் பிழையின்றி உலகுக்குக் கிடைக்கும்.

ஓலையில் படியெழுதியவர் பலர் நூலின் இறுதியில் தம் பெயரும், எழுதி முடித்த நாளும் குறித்து, பிழை இருப்பின் பொறுத்தருளுமாறு வேண்டி முடிப்பது மரபு. அவர்கள் நூலாசிரியர் என்னும் பெருமையை நாடவில்லை; தம் கையைக் கடந்து நூல் அடுத்த கைக்குச் சென்றால் போதும் என்று எண்ணினர். பத்தாண்டு நிறைந்த நம் வட்டம் அவ்வரிசையில் தன் பெயரையும் நாளையும் எழுதி, ஏட்டை அடுத்தவர் கையில் கொடுக்கும் காலம் இது. வட்டம் வளர்க; அதன் நூல்கள் வாழ்க.